ரெண்டு கோர், நாலு வேலை: வேலூர்க் கடைக்கு எந்த டூயல் கோர் பிராசஸர் என்று நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஏதாவது ஒரு சந்தில், காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பாருங்கள். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் பழைய ரிப்போர்ட் கட்டை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கச் சொல்லும். லாட்ஜிலிருந்து வந்த பையன் ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கக் காத்திருப்பான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு காப்பி வேண்டும் என்று ஒரு கல்லூரிப் பெண். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் ஒன்று பாதியில் திறந்தபடி இருக்கும். இத்தனைக்கும் ஒரே கம்ப்யூட்டர்.

அப்படி ஒரு கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, ரெண்டு கோருன்னு சொல்லித்தானே குடுத்தே? ஸ்கேன் ஓடும்போது பிரவுசரைத் தொட்டா அப்படியே நின்னுக்கினு கீது. அந்த இன்னொரு கம்பெனிது போட்டா சரியாப் பூடுமா?"

அந்தக் கேள்விக்குப் பெட்டியில் அச்சடித்த கிகாஹெர்ட்ஸைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு கம்பெனி பிராசஸரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அக்கா கடையில் நிஜமாக நடக்கும் வேலையை இரண்டின் தலையிலும் ஏற்றிப் பார்த்தேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பின்னால் ஓடும் வேலை எத்தனை நிமிஷத்தில் முடிகிறது என்பது இரண்டாவது கேள்வி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே நிற்கும் ஆள் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்பதே முதல் கேள்வி.

படி 1: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

கோர் என்பது பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி; இரண்டு இருந்தால் டூயல் கோர். அந்த ஒரே பெயருக்குள் வெவ்வேறு குணமுள்ள பிராசஸர்கள் இருக்கின்றன. இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 2005 மே மாதத்தில் இன்டெல் பென்டியம் டியும் ஏஎம்டி ஏத்லான் 64 எக்ஸ்2வும் சந்தைக்கு வந்தன. இரண்டிலும் கோர் இரண்டுதான். ஆனால் பென்டியம் டியில் ஒரு கோர் இன்னொரு கோருடன் பேச வேண்டுமென்றால் வெளியே மதர்போர்டு பஸ் (தரவு போய்வரும் பாதை) வரை போய்த் திரும்ப வேண்டும். ராமுக்கும் அதே வழிதான். ஏத்லானில் கோர்கள் பேசிக்கொள்ளும் வழியும் ராம் கன்ட்ரோலரும் சிப்புக்குள்ளேயே இருந்தன. வேலைகள் கூடக் கூட இந்த வித்தியாசம் வெளியே தெரிந்தது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோவில் இரண்டு கோர்களும் ஒரே எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்; எல்2, எல்3 என்பவை அதன் அடுக்குகள்) பகிர்ந்துகொண்டன. ஆக, கோர்களின் எண்ணிக்கையை விட, அவை எதைப் பகிர்கின்றன, எதற்காக ஒன்றையொன்று காத்திருக்கின்றன என்பதே விஷயம்.

சின்னக் கடைகளுக்கு ஏற்ற, விலை குறைந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கம் 2020ல் வந்த பென்டியம் கோல்டு ஜி6400: 4.0 கிகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு கோருக்கும் 256 கேபி எல்2, இரண்டுக்கும் சேர்த்து 4 எம்பி எல்3, 58 வாட். மறுபக்கம் 2019 நவம்பரில் வந்த ஏத்லான் 3000ஜி: 3.5 கிகாஹெர்ட்ஸ், கோருக்கு 512 கேபி எல்2, அதே 4 எம்பி எல்3, 35 வாட். இரண்டிலும் 2 கோர், 4 திரெட்; அதாவது ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசைகளை (திரெட்) ஏற்கும். தேவைப்படும்போது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ இரண்டிலும் கிடையாது. எழுதியிருக்கும் வேகமே உச்ச வேகம்.

கிளாக்கில், அதாவது கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், பென்டியம் நூற்றுக்கு 14 முன்னால் நிற்கிறது. ஆனால் ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் அதில் இல்லை, ஏத்லானில் உண்டு. வீடியோ மாற்றும் மென்பொருட்கள் ஏவிஎக்ஸ்2 இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும். எனவே எந்த வேலையைக் கொடுத்துச் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஜெயிக்கிற ஆளே மாறலாம். வீடியோ மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. செலரான் ஜி5905 போன்றவற்றில் 2 கோருக்கு 2 திரெட்தான். பெயரைப் பார்த்து இதையும் அதே வரிசையில் வைத்துவிடாதீர்கள். பல வேலை ஒன்றாக ஓடும் இடத்தில் அந்த இரண்டு கூடுதல் திரெட்கள் நிறைய உதவுகின்றன.

படி 2: மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போகின்றன. நானும் முன்பு ஒருமுறை இதில் ஏமாந்தேன். ஒரு மெஷினில் 8 ஜிபி ராம் ஒரே குச்சி. மற்றதில் 4 ஜிபி வீதம் இரண்டு குச்சி. மொத்தம் சமம்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் சோதித்து எழுதி வைத்ததை முழுவதும் கிழித்துப்போட வேண்டியதாயிற்று. டிடிஆர்4 2666 ராம் ஒரு சேனலில் (ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவிலுள்ள பாதை) நொடிக்கு சுமார் 21 ஜிபிதான் கொண்டுவரும். இரண்டு சேனலில் சுமார் 42. இந்த இரண்டு பிராசஸர்களிலும் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் குடிக்கிறது. ஒரு குச்சி போட்ட மெஷினில் கோரும் கிராபிக்ஸும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்கின்றன.

அதனால் இரண்டு மெஷினிலும் ஒரே கொள்ளளவுள்ள இரண்டு குச்சிகள், ஒரே வேகம். இந்த ஜோடிக்கு 2666 சரியாகப் பொருந்தும், இரண்டு பிராசஸரும் முறைப்படி ஏற்றுக்கொள்ளும் வேகம் அது. மொத்தம் 8 ஜிபிக்குக் குறைந்தால் சோதனையே வேண்டாம்.

இன்னொரு மறைவான இடம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள். கிராபிக்ஸுக்கென்று ராமில் ஒரு பங்கை அது ஒதுக்கி வைக்கும். ஒரு போர்டு 2 ஜிபியை எடுத்துக்கொண்டு, மற்றது கொஞ்சமாக எடுத்தால், விண்டோஸுக்குக் கிடைப்பதே வேறாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று காட்டும். இரண்டு மெஷினிலும் அந்த எண் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி பயாஸில் மாற்றுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுழன்றாலும் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. தேவையான இடம் டிஸ்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. தலை நகரும் நேரம் தனி. நான்கு மென்பொருட்கள் நான்கு மூலையிலிருந்து கேட்டால் டிஸ்க் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும், பிராசஸர் சும்மா கைகட்டி நிற்கும். அக்கா கடையில் பாதிக் கஷ்டம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. இரண்டிலும் ஒரே மாடல் எஸ்எஸ்டி போட்டு, நூற்றுக்கு 20 பங்காவது காலியாக வைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஒரு மெஷினின் எஸ்எஸ்டியைக் கழற்றி மற்றதில் மாட்டி ஓட்டினால் பழைய டிரைவர்கள் கூடவே வந்து குழப்பும்.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் இரண்டுக்கும் புதிது, ஒரே பேஸ்ட். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் மதர்போர்டைத் திருப்பிப் பார்த்துச் சரிபாருங்கள். ஒரு கால் சரியாக உள்ளே இறங்காவிட்டாலும் கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

படி 3: விண்டோஸை அடக்கி உட்கார வையுங்கள்

இரண்டிலும் ஒரே பதிப்பு, ஒரே நாள் வரைக்குமான அப்டேட். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியான பிறகு வந்த அடைப்புகள் சில பழைய பிராசஸர்களில் வேகத்தைக் குறைக்கின்றன. ஒன்றில் அடைத்து மற்றதில் அடைக்காமல் ஒப்பிட்டால் அது நியாயமில்லை.

பவர் பிளான் இரண்டிலும் ஒன்றே. ஆன் செய்ததும் சோதிக்காதீர்கள். கால் மணி நேரம் விடுங்கள். இண்டெக்ஸிங், அப்டேட் தேடல் எல்லாம் அடங்கி, டாஸ்க் மேனேஜரில் சிபியு 3, 4 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு தொடங்கலாம்.

படி 4: சுமை மூட்டையைக் கட்டுங்கள்

வேகத்தை அளக்கும் ரெடிமேட் பென்ச்மார்க் மென்பொருள் உங்கள் கடையை அறியாது. உங்கள் வேலையிலிருந்தே நான்கு பின்னணி வேலைகளை எடுத்து ஒரு போல்டரில் போடுங்கள். பென்டிரைவில் வைத்து இரண்டு மெஷினுக்கும் காப்பி செய்யுங்கள். நான் கட்டிய மூட்டை இது.

முதலில் ஓசிஆர்: 60 பக்கம் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஸ்கேன் படங்கள், டெசராக்ட் என்ற மென்பொருள் மூலம் எழுத்தாக மாற்ற வேண்டும். கோரை இடைவிடாமல் பிழியும் வேலை. இரண்டாவது, 2 ஜிபி போட்டோ போல்டரை 7-ஜிப்பில் சுருக்குவது. கேஷையும் ராமையும் சேர்த்துச் சோதிக்கும். மூன்றாவது, பத்து நிமிஷக் கல்யாண வீடியோவை ஹேண்ட்பிரேக்கில் எச்.264 என்ற வீடியோ வடிவமாக மாற்றுவது. நான்காவது, ஒரு குறிப்பிட்ட போல்டர் மீது விண்டோஸ் டிஃபெண்டர் ஸ்கேன்.

ஹேண்ட்பிரேக்கில் கவனம் தேவை. என்கோடர் பட்டியலில் கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும் வகைகளும் இருக்கும். அதைத் தேர்ந்தால் வேலையைக் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும், கோர்கள் ஓய்வெடுக்கும். நீங்கள் ஒப்பிட வந்ததை ஒப்பிடவே மாட்டீர்கள். எக்ஸ்264 என்ற சாதா என்கோடரையே எடுங்கள். கூடவே அதன் பிரிஃபரன்ஸில் பிராசஸ் பிரையாரிட்டி என்னவென்று பார்த்து, இரண்டு மெஷினிலும் ஒன்றாக வையுங்கள். டிஃபெண்டருக்கும் சிபியு பயன்பாட்டு வரம்பு என்று ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்ற வேண்டாம், ஏனென்றால் கடையிலும் அப்படியே தான் ஓடப்போகிறது.

அடுத்து முன்னணி வேலைகள், அதாவது வாடிக்கையாளர் கண்ணெதிரே நடப்பவை. 12 பக்கப் பிடிஎஃப் ஒன்றைத் திறப்பது. ஒரு போட்டோவைத் திறந்து 35க்கு 45 மில்லிமீட்டராக வெட்டி எட்டு காப்பி அடுக்குவது. பிரவுசரில் புது டேப் திறந்து ஒரு படிவப் பக்கத்தைக் கொண்டுவருவது. லிப்ரே ஆபீஸில் ஐந்து வரி தமிழ் தட்டச்சு. பிரவுசர் பக்கங்களை இணையத்திலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள், முன்பே சேமித்து வைத்த கோப்பிலிருந்து திறங்கள். சாயங்காலம் லைன் மந்தமானால் அந்தப் பழி பிராசஸர் மீது விழும்.

உங்கள் இடம் வேறாக இருந்தால் மூட்டையும் வேறாக இருக்கட்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஏற்றுமதி அலுவலகம் என்றால் டாலி, பெரிய எக்செல் ஷீட், வீடியோ கால். காட்பாடியில் அறை எடுத்துப் படிக்கும் மாணவன் என்றால் புரோகிராம் கம்பைல், வெர்ச்சுவல் மெஷின், கூடவே பாட்டு.

படி 5: சுமையில்லாமல் ஒரு ஓட்டம்

வெறும் வயிற்று எடையைத் தெரிந்துகொண்டால்தான் சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறியது என்று சொல்ல முடியும். பின்னணியில் எதுவும் ஓடாமல் நான்கு முன்னணி வேலைகளையும் அளந்து எழுதுங்கள்.

அதோடு 7-ஜிப்பில் டூல்ஸ் மெனுவில் இருக்கும் பென்ச்மார்க்கை மூன்று முறை ஓட்டுங்கள்: 1 திரெட், 2 திரெட், 4 திரெட். இந்த மூன்று எண்களுக்கு இடையிலுள்ள விகிதம் நிறையப் பேசும். இரண்டாவது எண் முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வர வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் ராம் அமைப்பிலோ சூட்டிலோ கோளாறு, படி 2க்குத் திரும்புங்கள். மூன்றாவது எண் இரண்டாவதை விட எவ்வளவு கூடுதல் என்பதே கூடுதல் திரெட்களின் பலம். அது இரட்டிப்பாகாது. ஒரு கோருக்குள் இரண்டு திரெட் என்பது ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது. ஒருவர் காய் நறுக்கும் நேரத்தில் மற்றவர் வாணலியை வைக்கலாம், அவ்வளவுதான்.

அந்த பென்ச்மார்க் சுருக்குவதற்கு ஒன்று, விரிப்பதற்கு ஒன்று என இரண்டு மதிப்பெண் தரும். சுருக்குவது ராமின் தாமதத்தையும் கேஷ் அளவையும் நம்பியிருக்கிறது. விரிப்பது கோரின் சொந்த வேகத்தை நம்பியிருக்கிறது. ஒரு பிராசஸர் விரிப்பதில் முந்தி, சுருக்குவதில் பிந்தினால், பலவீனம் எங்கே என்று இப்போதே தெரிந்துவிடும்.

படி 6: சுமையை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்

நான்கையும் ஒரேயடியாக ஓடவிட்டால் இரண்டு மெஷினும் திணறும், அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. முதலில் ஓசிஆர் மட்டும். முன்னணி வேலைகளை அளவெடுங்கள். பிறகு 7-ஜிப்பையும் சேருங்கள், மறுபடி அளவெடுங்கள். மூன்றாவதாக ஹேண்ட்பிரேக், கடைசியாக டிஃபெண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரே நிற்பவர் காத்திருக்கும் நேரம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு இடுப்பு முறியும் இடம் உண்டு. அது எத்தனையாவது வேலையில் வருகிறது என்பதே நாம் தேடுவது.

ஏன் திடீரென்று முறிகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. காட்பாடி ஜங்ஷனில் ஒரே டிக்கெட் கவுண்டர் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒழுங்கில்லாமல், நேரம் காலமில்லாமல் வருகிறார்கள். கவுண்டர்க்காரர் தன் நேரத்தில் பாதி மட்டும் வேலையாக இருந்தால், ஒரு ஆள் வரிசையில் நின்றதிலிருந்து டிக்கெட் வாங்கும் வரை சராசரியாக ஒரு டிக்கெட் அடிக்கும் நேரத்தைப் போல 2 மடங்கு ஆகும். 80 சதவீதம் வேலையானால் 5 மடங்கு. 90 சதவீதத்தில் 10 மடங்கு. வெறும் 10 சதவீதம் ஏறியதற்குக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. இது வரிசைக் கணக்கின் பழைய சூத்திரம்: ஒன்றிலிருந்து சுமையைக் கழித்தால் வரும் எண்ணால் ஒன்றை வகுக்க வேண்டும்.

இரண்டு கவுண்டருக்கு ஒரே வரிசை என்றால் சூத்திரத்தில் சுமையின் வர்க்கம் வரும். இருவரும் 80 சதவீதம் வேலையாக இருக்கும்போது 2.8 மடங்கு, 90ல் 5.3 மடங்கு, 95ல் 10 மடங்குக்குச் சற்று மேல். கணினிக்கு இது அச்சு அசலாகப் பொருந்தாது, விண்டோஸ் வேலைகளைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. ஆனாலும் குணம் அதேதான். இரண்டு பிராசஸர்களுக்கும் நூற்றுக்கு 14 தான் வேக வித்தியாசம் என்றாலும், ஒன்று 82 சதவீத சுமையிலும் மற்றது 94லும் நிற்கும்படி உங்கள் வேலை அமைந்துவிட்டால், எதிரே நிற்பவருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகத் தெரியும். வேலை குறைவான கடையில் அதே இரண்டு பிராசஸர்களும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அளவெடுக்கும்போது ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஹார்டு ஃபால்ட்ஸ்' தொடர்ந்து உயரமாக ஓடினால் ராம் நிரம்பி, டிஸ்கிலிருந்து பக்கங்களை இழுக்கிறது என்று பொருள். அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் அளப்பது பிராசஸரை அல்ல. சோதனையை நிறுத்தி, ராமைக் கூட்டி, மறுபடி தொடங்குங்கள்.

படி 7: செல்போனால் அளந்து, மோசமானதை எழுதுங்கள்

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் உங்கள் கட்டைவிரலின் சோம்பலும் சேர்ந்து வரும். செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, மவுஸ் மீதிருக்கும் விரலும் திரையும் இரண்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். ஸ்லோ மோஷனில் 240 எடுக்க முடிந்தால் 4.2. விரல் அழுத்திய படத்திலிருந்து பக்கம் முழுதாகத் தெரிந்த படம் வரை எண்ணுங்கள். தமிழ் தட்டச்சுக்கு இதுவே ஒரே வழி. எழுத்து விரலுக்குப் பின்னால் இழுபடுவதைக் கண்ணால் உணரலாம், எண்ணாகச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கட்டத்திலும் பத்து முறை. சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு மெஷின் ஒன்பது முறை 2 நொடியிலும் ஒருமுறை 11 நொடியிலும் பிடிஎஃப்பைத் திறக்கிறது, சராசரி 2.9. இன்னொன்று பத்து முறையும் 3.3 நொடியில் திறக்கிறது. சராசரி முதல் மெஷினை வெற்றியாளர் என்கிறது. கடையில் நிற்கும் அக்காவுக்கு அந்த 11 நொடிதான் நினைவிருக்கும், அந்த நேரத்தில் மவுஸை நாலுமுறை தட்டி, நாலு பிரிண்ட் போய், தாள் வீணாகும். பத்தையும் வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் எழுதுங்கள். நான் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதே மெஷினில் மறுநாள் மறுபடி பத்து முறை ஓட்டி, நடு எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். இரண்டு பிராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் அந்த மாற்றத்துக்குள் அடங்கிவிட்டால் இரண்டும் சமம். நூலிழை வித்தியாசத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

படி 8: வெயிலூரில் நடக்கும் சோதனை

ஏசி அறையில் பத்து நிமிஷம் ஓட்டி எடுத்த எண் கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே செல்லாது. மே மாதம் நம் ஊரில் 40 டிகிரி தாண்டுவது ஆச்சரியமில்லை. கூலர் காற்றைக் குளிர்விக்காது. அறைக் காற்றுக்கும் சிப்புக்கும் இருக்கும் சூட்டு வித்தியாசத்தை வைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. 28 டிகிரி அறையில் சிப் 66 காட்டினால், 41 டிகிரி அறையில் ஏறக்குறைய 79 காட்டும். எனவே சிப்பின் சூட்டை மட்டும் எழுதாமல் அறைச் சூட்டையும் எழுதி, இரண்டின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு வேலைகளையும் ஏற்றி 45 நிமிஷம் மதியம் இரண்டு மணிக்கு ஓடவிடுங்கள், கேபினெட் மூடியிருக்கட்டும், கடையில் வைக்கப்போகும் அதே மேசைக்கடியில். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் கிளாக்கையும் சூட்டையும் நொடிக்கு நொடி பதிந்து தரும். ஜி6400க்கு எல்லை 100 டிகிரி, 3000ஜிக்கு 95. எல்லையை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் குறைந்த வாட் என்பதால் சுத்தமான கூலரோடு அங்கே போகக் கூடாது. போனால் கால் சரியாக மாட்டவில்லை, அல்லது தூசி.

படி 9: வாங்கும் முன் விண்டோஸிடம் கேட்டுப் பாருங்கள்

புது பிராசஸருக்குக் காசு எடுத்து வைக்கும் முன், இருப்பதையே ஒழுங்குபடுத்தி ஒருமுறை அளந்து பாருங்கள். பணம் செலவில்லாத படி இது, பலரும் தாண்டிப்போகும் படியும் இதுதான்.

டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஓசிஆர் மென்பொருளை ரைட் கிளிக் செய்து, பிரையாரிட்டியை 'பிலோ நார்மல்' ஆக்குங்கள். எதிரே வேலை வந்தால் அது ஒதுங்கி வழி விடும். அதே மெனுவில் 'செட் அஃபினிட்டி' இருக்கும். சிபியு 0, 1, 2, 3 என்று நான்கு காட்டும். 0வும் 1ம் ஒரே கோரின் இரண்டு திரெட், 2ம் 3ம் அடுத்த கோருடையவை. ஓசிஆரை 2, 3க்கு மட்டும் கட்டிவிட்டால் ஒரு முழு கோர் வாடிக்கையாளருக்காகக் காலியாக இருக்கும். 1, 3 என்று கட்டினால் இரண்டு கோரிலும் பாதிப் பாதி உட்கார்ந்துகொள்ளும், பிரயோஜனம் குறைவு. மென்பொருளை மூடினால் இந்த அமைப்பு போய்விடும் என்பதால், அமைப்போடு சேர்த்தே திறக்கும்படி ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொடுங்கள்.

இப்போது படி 6ஐ மறுபடி ஓட்டுங்கள். ஓசிஆர் முடியக் கூடுதல் நேரம் ஆகும், காத்திருப்பு குறையும். ஸ்கேன் முடிய ஐந்து நிமிஷம் தாமதமானால் அந்தக் குடும்பம் டீ குடித்துவிட்டு வரும். டிக்கெட் பிரிண்டுக்கு நிற்கும் பையனால் அப்படி முடியாது, ரயில் போய்விடும்.

படி 10: கணக்கு முடிப்பது

பெட்டியில் போட்ட 58, 35 என்ற வாட் எண்களைக் கழித்து மின்கட்டணம் போடாதீர்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வைத்து, சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் முழு மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். சராசரி வித்தியாசம் 20 வாட் என்று வைத்தால், நாளுக்கு 12 மணி, மாதம் 26 நாள், 6.24 யூனிட். பில்லைப் பொறுத்தவரை பெரிய விஷயமில்லை. கரண்ட் போனதும் யுபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதில் அந்த 20 வாட் முக்கியம்.

அடுத்தது மதர்போர்டு. ஜி6400 உட்காரும் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் பின்னால் 4 கோர், 8 திரெட் உள்ள ஐ3-10100ஐ மாட்டலாம். 3000ஜியின் ஏஎம்4 சாக்கெட்டில், பயாஸ் அப்டேட் இருந்தால், 6 கோர் ரைசன் 5 5600ஜி போன்றதை மாட்டலாம். படி 6ல் இரண்டு பிராசஸருமே இரண்டாவது வேலையிலேயே முறிந்திருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். நாலு கோருக்குப் போங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. டூயல் கோரில் எது நல்லது என்று தேடிப்போய், கடைக்குத் தேவையே டூயல் கோர் இல்லை என்று கண்டுபிடித்தால் அந்தச் சோதனை காசைக் காப்பாற்றியிருக்கிறது.

மூன்றாவது வேலை வரை ஒன்று தாங்கி, மற்றது தாங்கவில்லை என்றால் தாங்கியதை வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும். இரண்டும் சமம் என்றால் எந்தப் போர்டு நம் ஊரில் சட்டென்று கிடைக்கிறதோ அது. போர்டு போனால் சென்னையிலிருந்து வரவழைக்கும் மூன்று நாள் கடை மூடிக் கிடக்கும்.

அக்கா கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிராசஸரை மாற்றவில்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ஒற்றை ராம் குச்சிக்கு ஜோடி, டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைல். "இப்போ நின்னுக்கலை தம்பி," என்றார்.

அளந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி, அறைச் சூடு போட்டு, கேபினெட் மூடியின் உட்பக்கம் செலோ டேப்பால் ஒட்டி வைத்தேன். மூட்டை போல்டரும் அதே மெஷினில் இருக்கிறது. அடுத்த மே மாதம் மூடியைக் கழற்றித் தூசி தட்டும்போது அதே மூட்டையை மறுபடி ஓட்ட வேண்டும்.